அம்மா இப்போது எங்கே? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் பெரம்பூரில் வசிக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். சென்ற மாதம் என் அம்மா காலமானார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தோம். அடக்க ஆராதனையில் எங்கள் ஆயர், அம்மா இந்த நேரத்தில் கர்த்தருடைய சமுகத்தில் களிகூர்ந்துகொண்டிருக்கிறார் என்று பேசினார். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்குப் போகும் என் தாய்மாமா அன்று மாலையே, "அக்கா தூங்குகிறாள், கர்த்தர் வரும் நாள்வரை அவளுக்கு ஒன்றும் தெரியாது, வேதம் அப்படித்தான் சொல்கிறது" என்றார். பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அம்மாவின் ஆன்மா இளைப்பாற்றி அடைவதற்காகக் கோயிலில் பூசைக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். மூவருமே எங்கள்மேல் அன்புள்ளவர்கள். மூவர் கையிலும் வேதாகமம் இருக்கிறது. ஆனால் மூன்று பேர் சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது அல்லவா?

இன்னொரு வேதனையும் உண்டு. கடைசிச் சில ஆண்டுகள் அம்மா மறதி நோயில் இருந்தார். என்னையே அடையாளம் தெரியாமல், "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். கல்லூரியில் படிக்கும் என் மகன், நினைவு முழுவதும் மூளையில் இருக்கிறது, அந்த மூளை கண்முன்னே அழிந்துபோனதைப் பார்த்தோமே, பிறகு எது பிரிந்து எங்கே போயிருக்கும் என்று கேட்கிறான். அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையின்படி ஆத்துமா மரணத்துக்குப் பின்னும் இருக்கிறதா? இருந்தால் எந்த நினைவோடு இருக்கிறது? கல்லறைக்குப் போய் நான் அம்மாவிடம் பேசுவது தவறா?

ஒரு வாசகி, பெரம்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன். துக்கத்தில் இருப்பவருக்கு இறையியல் பேசுவது பல சமயம் கொடுமையாகிவிடும் என்பதை அறிவேன். ஆனால் நீங்கள் ஆறுதல் மட்டும் கேட்கவில்லை, உண்மை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே நான் நம்புவதையும், திருச்சபை நம்பிவந்திருப்பதையும் இயன்றவரை நேர்மையாக எழுதுகிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை, ஆம் என்பதே. கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் மிகப் பெரும்பான்மையோரும், இறந்தவருடைய ஆத்துமா மரணத்தோடு அழிந்துபோவதில்லை என்றே போதிக்கிறார்கள். உங்கள் மாமாவின் சபையும் வேறு சில சபைகளும் மட்டும் இதை மறுக்கின்றன. ஆனால் இந்த விடையோடு நின்றுவிட்டால் கிறிஸ்தவ நம்பிக்கையின் பெரும்பகுதியை நாம் விட்டுவிட்டவர்களாவோம். ஞாயிறுதோறும் எழுந்து நின்று நீங்கள் சொல்லும் அப்போஸ்தலருடைய விசுவாசப்பிரமாணம் எப்படி முடிகிறது என்று நினைத்துப் பாருங்கள். "சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்கிறோம். ஆத்துமா அழியாதது என்று அதில் ஒரு வரியும் இல்லை. நிசேயா விசுவாசப்பிரமாணத்திலும் மரித்தோரின் உயிர்த்தெழுதல் இருக்கிறதே தவிர ஆத்துமாவின் அழியாமை இல்லை. ஆதித் திருச்சபை எதைத் தன் அடித்தளமாகக் கருதியதோ அதைத்தான் பிரமாணமாக எழுதிவைத்தது. உங்கள் ஆயரும் மாமாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வது மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி. அந்த இடைக்காலத்தில்தான் சபைகளுக்குள் வேறுபாடு. அதற்கு அப்பால் இருக்கும் உயிர்த்தெழுதலில் மூவருக்கும் வேறுபாடே கிடையாது.

இது நமக்குப் புதிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. மரணம் என்றதும் தமிழ் மனத்தில் எழும் படம் மிகப் பழையது. "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு" என்கிறது குறள். கூட்டை விட்டுப் பறவை பறந்துவிட்டது. இனிக் கூட்டைப் பற்றி என்ன கவலை? சைவ சித்தாந்தத்தில் பதியும் (இறைவன்) பசுவும் (உயிர்) பாசமும் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுமே தொடக்கமற்றவை. உயிர் யாராலும் படைக்கப்பட்டதன்று, ஆகவே அது அழிவதும் இல்லை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவனின் செவியிலும் இவையெல்லாம் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. ஐஸ் பெட்டியைச் சுற்றி உறவினர் அமர்ந்திருக்கும் நம் வீடுகளில், "கூடுதான் இங்கே இருக்கு, ஆள் போயாச்சு" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லாமல் இருப்பதில்லை. அதை ஆறுதலாகவே சொல்கிறார். கிறிஸ்தவம் இதனோடு ஓரளவு உடன்படும், முழுவதும் உடன்படாது. ஏனெனில் கிறிஸ்தவத்தில் ஆத்துமா படைக்கப்பட்ட ஒன்று. அதற்குத் தொடக்கம் உண்டு. தன் சொந்த பலத்தால் நிலைத்திருக்கும் தன்மை அதற்கு இல்லை. சாவாமை தேவன் ஒருவருக்கே உரியது என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் சொல்கிறது. மேலும் உடல் கூடு அன்று. தேவன் மண்ணால் உருவாக்கி, நல்லது என்று கண்ட படைப்பின் பகுதி அது.

பழைய ஏற்பாட்டைத் திறந்தால் உங்கள் மாமாவின் பக்கம் நிற்கும் வசனங்கள் ஏராளம். "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்கிறது பிரசங்கி. "மரணத்தில் உம்மை நினைவுகூர்வதில்லை, பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார்?" என்று ஆறாம் சங்கீதம் கேட்கிறது. பழைய இஸ்ரவேலின் பாதாளம் மோட்சமும் அன்று, நரகமும் அன்று. நல்லவரும் கெட்டவரும் ஒருங்கே இறங்கும் நிழல் போன்ற மௌன இடம் அது. இறந்தபின் இன்பமாக வாழலாம் என்ற எண்ணத்தில் பிறந்த மதமாக அது இல்லை என்பதை நாம் மதிப்போடு கவனிக்க வேண்டும். எகிப்தின் பிரமிடுகளுக்கு அருகே வாழ்ந்து வந்த ஒரு மக்கள், மறுமையைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசியது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. "பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்கள்" விழித்தெழுவார்கள் என்ற தெளிவான குரல் தானியேல் புத்தகத்தில்தான் கேட்கிறது. நீதிக்காகச் சாகிறவனைத் தேவன் சாவில் விட்டுவிடுவாரா என்ற கேள்வியிலிருந்து பிறந்த நம்பிக்கை அது. இயேசுவின் காலத்தில்கூட யூதர்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. பரிசேயர் உயிர்த்தெழுதலை நம்பினார்கள், ஆலயத்தை நிர்வகித்த சதுசேயர் மறுத்தார்கள்.

அந்தச் சதுசேயர் இயேசுவிடம் வந்து ஏழு சகோதரரை ஒருவர் இறந்தபின் ஒருவராக மணந்த பெண்ணின் கதையைச் சொல்லி மடக்கப் பார்த்தபோது அவர் கொடுத்த பதிலைத்தான் இந்த விஷயத்தின் திறவுகோலாக நான் கருதுகிறேன். ஆத்துமா எதனால் ஆனது, எப்படிப் பிரிகிறது என்றெல்லாம் அவர் விளக்கப் புகவில்லை. மோசேயிடம் தேவன் தம்மை ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று சொன்னதை எடுத்துக்காட்டி, "அவர் மரித்தோருக்குத் தேவனாயிராமல், ஜீவனுள்ளோருக்குத் தேவனாயிருக்கிறார், எல்லாரும் அவருக்குப் பிழைத்திருக்கிறார்களே" என்றார். ஆபிரகாம் இறந்து நூற்றாண்டுகள் கழிந்தபின்னும் தேவன் அவனை என்னுடையவன் என்று சொல்கிறார். தேவன் அப்படிச் சொல்லும்வரை ஆபிரகாம் இல்லாமற்போனவன் அல்லன். ஆத்துமா நிலைத்திருப்பதற்கு இயேசு தந்த ஆதாரம், அதைப் பிடித்திருக்கிறவர் விடமாட்டார் என்பது மட்டுமே. நான் ஆம் என்று மேலே எழுதியது இந்த வசனத்தின் பலத்தில்தான்.

சிலுவையில் அருகே தொங்கிய கள்வனிடம் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சொன்னதும் இதோடு பொருந்துகிறது. உங்கள் மாமா இதற்கு ஒரு விளக்கம் வைத்திருப்பார். பழைய கிரேக்கப் பிரதிகளில் நிறுத்தக்குறிகள் கிடையாது. ஆகவே "இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன்" என்றும் அதைப் பிரித்து வாசிக்கலாம் என்பது அவர் சபையினரின் வாதம். வாதம் அறிவுள்ளதுதான். ஆனால் "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்பது சுவிசேஷங்களில் இயேசு திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகம். வேறு எங்கும் அதோடு "இன்றைக்கு" என்பதைச் சேர்த்து அவர் சொல்வதில்லை. பவுலும் பிலிப்பியருக்கு எழுதும்போது, தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்கத் தமக்கு ஆசையுண்டு என்கிறார். இடையில் ஒன்றும் அறியாத நீண்ட உறக்கம்தான் என்றால் அந்த ஆசைக்குப் பொருள் குறைந்துவிடுகிறது. அதே பவுல்தான் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது இறந்தவர்களை நித்திரையடைந்தவர்கள் என்கிறார். நம் இரங்கல் சுவரொட்டிகளைப் பாருங்கள். மேலே "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று இருக்கும். கீழே "பரதீசில் இளைப்பாறுகிறார்" என்று இருக்கும். எழுதிக் கொடுத்தவர் தெரியாமல் எழுதிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் பவுலிடம் இருக்கின்றன.

இனி நான் மிகவும் முக்கியமென்று கருதும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 1955-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆஸ்கர் குல்மன் என்ற புதிய ஏற்பாட்டு அறிஞர் ஆற்றிய சொற்பொழிவு ஒன்று இருக்கிறது. அதில் அவர் இரண்டு மரணங்களை அருகருகே வைத்தார். ஒன்று சாக்ரடீஸின் மரணம். பிளேட்டோவின் எழுத்தில் அவர் கடைசி நாளை நண்பர்களோடு ஆத்துமாவின் அழியாமையைப் பற்றி விவாதித்துக் கழிக்கிறார். மாலையில் நஞ்சுக் கோப்பையை நடுக்கமின்றி வாங்கிக் குடிக்கிறார். அழுத நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். உடல் என்னும் சிறையிலிருந்து ஆத்துமா விடுபடுகிறது, இதில் அழ என்ன இருக்கிறது? மற்றது இயேசுவின் மரணம். கெத்செமனே தோட்டத்தில் அவர் திகிலடைந்து வியாகுலப்படுகிறார், தரையில் விழுந்து ஜெபிக்கிறார், இந்தப் பாத்திரம் நீங்க வேண்டும் என்று மன்றாடுகிறார், தூங்கிவிட்ட சீடர்களை எழுப்பித் தம்மோடு விழித்திருக்கக் கேட்கிறார். சிலுவையில் உரக்கக் கதறுகிறார். வீரத்தில் இயேசு சாக்ரடீஸைவிடக் குறைந்தவரா? சாக்ரடீஸுக்கு மரணம் நண்பன். இயேசுவுக்கு அது சத்துரு. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்று பவுல் எழுதியது இதைத்தான்.

குல்மன் இரு தரப்பையும் சற்று அதிகமாகவே பிரித்துவிட்டார் என்று அவருக்குப் பின் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். அக்காலத்து யூதர்களிடையேயும் ஆத்துமாவைப் பற்றிய கிரேக்கச் சிந்தனை பரவியிருந்தது உண்மை. ஆயினும் அவர் காட்டிய வேறுபாடு மறையவில்லை. பெத்தானியாவில் லாசருவின் கல்லறைக்கு முன் நடந்ததை எண்ணிப் பாருங்கள். சில நிமிடங்களில் அவனை எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். ஆத்துமா நல்ல இடத்தில் இருக்கிறது, ஏன் அழுகிறீர்கள் என்று அவன் சகோதரிகள் மார்த்தாளையும் மரியாளையும் அவர் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. கண்ணீர் விட்டார். உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் யாராவது, விசுவாசிகள் அழக்கூடாது என்று உங்களிடம் சொல்லியிருந்தால், தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதேயுங்கள் என்றுதான் பவுல் எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை.

இடைக்காலத்தைப் பற்றித் திருச்சபைக்குள் நடந்த வாக்குவாதங்கள் மிக நீண்டவை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின், மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லை, ஆத்துமா மரித்தவுடன் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று சொல்கிறவர்களைக் கிறிஸ்தவர்களென்றே எண்ண வேண்டாம் என்று எழுதினார். இன்று நம் அடக்க ஆராதனைகளில் கேட்கும் பல பிரசங்கங்கள் அவர் காதுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கவலையோடு நினைத்துக்கொள்வதுண்டு. அதைவிட வியப்பானது 22-ஆம் யோவான் என்ற போப்பின் விஷயம். அவர் 1331-ஆம் ஆண்டு சகல பரிசுத்தவான்கள் திருநாளில் தொடங்கி, அப்போது போப்புகள் வசித்த அவிஞ்ஞோன் நகரில் நிகழ்த்திய பிரசங்கங்களில், பரிசுத்தவான்களின் ஆத்துமாக்கள்கூடக் கடைசி நியாயத்தீர்ப்புக்குப் பிறகே தேவனை முகமுகமாகக் காணும் என்று பேசினார். பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளர்கள் எதிர்த்தார்கள், அரசர்கள் தலையிட்டார்கள், பெரும் பூசல் மூண்டது. 1334 டிசம்பரில் தம் மரணத்துக்கு முந்தைய நாள் அவர் அக்கருத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த 12-ஆம் பெனடிக்ட், தூய்மையடைந்த ஆத்துமாக்கள் உயிர்த்தெழுதலுக்கு முன்பே தேவனைக் காண்கின்றன என்று 1336 ஜனவரியில் அறிவித்தார். கத்தோலிக்கர்களுக்கு அதுவே இன்றுவரை முடிவான போதனை.

பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத் தலைவர்களுக்குள்ளும் இதில் ஒற்றுமை இருக்கவில்லை. மார்ட்டின் லூத்தர் மரணத்தை ஆழ்ந்த உறக்கமாகப் பலமுறை பேசினார். உங்கள் மாமாவின் கருத்துக்கு அவரிடம் ஓரளவு இடம் உண்டு. ஜான் கால்வினோ இளவயதில் எழுதிய முதல் இறையியல் நூலையே, ஆத்துமா உறங்குகிறது என்ற கொள்கையை மறுப்பதற்காக எழுதினார். இங்கிலாந்துத் திருச்சபை 1553-ல் வெளியிட்ட 42 விதிகளில் ஒன்று ஆத்தும உறக்கத்தைக் கண்டித்தது. பத்தாண்டு கழித்து அவற்றைத் திருத்தியபோது அந்த விதியை விட்டுவிட்டார்கள். பிரெஸ்பிட்டேரியர்களின் 1646 வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையோ, ஆத்துமாக்கள் சாவதுமில்லை உறங்குவதுமில்லை என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று இங்கே, கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் உங்கள் திருச்சபை உருவானபோது இந்த இரு மரபுகளும் அதில் ஒன்றுசேர்ந்தன. உங்கள் ஆயர் பேசியது உங்கள் திருச்சபையின் பெரும்பான்மைக் கருத்து. ஆனால் உங்கள் மாமா ஏதோ அந்நியமான ஒன்றைச் சொல்லிவிட்டார் என்று அவரை ஒதுக்க வேண்டியதில்லை. அவர் சபை 1863-ல்தான் அமைப்பாக உருவானது என்றாலும் அவர் கேட்கும் கேள்வி பழையது, வேதத்திலிருந்தே எழுவது.

இனி உங்கள் மகனின் கேள்வி. உங்கள் கடிதத்தில் என்னை உறங்கவிடாத பகுதி அதுதான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. மூளை சிதையும்போது நினைவும் மொழியும் சுபாவமும் சிதைகின்றன என்பதை உங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டீர்கள். உடலுக்குள் ஒரு முழுமையான ஆள் ஒளிந்திருக்கிறான், உடல் போனால் அவன் எந்தக் குறையுமின்றி வெளியே வருவான் என்ற படம் அந்த அனுபவத்துக்கு முன் நிற்காது. அவன் அதை மறுப்பது சரியே. ஆனால் திருச்சபையின் சிறந்த சிந்தனையாளர்களும் அந்தப் படத்தை ஏற்கவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்துக்கு உரை எழுதும்போது, "என் ஆத்துமா நான் அல்ல" என்று துணிந்து எழுதினார். ஆத்துமா மட்டும் காப்பாற்றப்பட்டால் நானோ எந்த மனிதனோ காப்பாற்றப்பட்டதாகாது என்பது அவர் வாதம். ஆத்துமா நிலைத்திருக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. உடலற்ற ஆத்துமா குறைப்பட்ட நிலையில் காத்திருக்கிறது என்றார். நம் காலத்தில், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பேராசிரியராக இருந்து பின்னர் ஆங்கிலிக்கன் குருவான ஜான் போல்கிங்ஹார்ன், உடலின் அணுக்கள் மாறிக்கொண்டேயிருந்தாலும் நாம் நாமாகவே இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஒருவரை அவராக்கும் அந்த ஒழுங்கமைப்பே ஆத்துமா என்றார். மரணத்தில் இயல்பாக அது கலைந்துவிடும், தேவன் அதைத் தம் நினைவில் வைத்திருந்து புதிய சரீரத்தில் எழுப்புவார் என்பது அவர் கருத்து. தேவனுடைய நினைவில் இருப்பது மட்டும் உண்மையில் இருப்பதாகுமா என்று அவரை மறுப்பவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எல்லாரும் அவருக்குப் பிழைத்திருக்கிறார்கள் என்று இயேசு சொன்னதை நம்புகிறவனுக்கு, தேவன் நினைப்பதும் மனிதன் நினைப்பதும் ஒரே தன்மையுடையவை அல்ல. நாம் நினைத்தால் நினைவு மட்டும் இருக்கும். அவர் நினைத்தால் ஆள் இருப்பார்.

உங்கள் அம்மா எந்த நினைவோடு இருக்கிறார் என்று கேட்டீர்கள். ஏசாயாவின் நாற்பத்தொன்பதாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஒரு தாய் தன் கர்ப்பத்தின் பிள்ளையை மறப்பாளோ என்று தேவன் கேட்கிறார். யாரும் எதிர்பார்க்கும் விடை, மறக்கமாட்டாள் என்பது. ஆனால் தேவன் அந்த விடையைச் சொல்லவில்லை. "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்கிறார். தாய் மறக்கவும் கூடும் என்பதை அந்த வசனம் அறிந்திருக்கிறது. உங்களைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று அம்மா கேட்ட நாட்களையும் அது அறிந்திருக்கிறது. அம்மாவின் நம்பிக்கை அவருடைய நினைவாற்றலின்மேல் கட்டப்பட்டிருந்தால், அவர் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அது இடிந்திருக்கும். அவர் உங்களை மறந்த காலத்திலும், தன் பெயரையே மறந்த காலத்திலும் அவர் யார் என்பதை மறக்காத ஒருவர் இருந்தார். இப்போதும் இருக்கிறார். உயிர்த்தெழுதலில் எழுந்து வருபவர் நோய் தின்று மிச்சம் வைத்த பகுதியாக இருக்கமாட்டார், உங்களைப் பெற்று வளர்த்த முழு மனுஷியாகவே இருப்பார் என்று நான் விசுவாசிக்கிறேன். அதுவரை அவர் விழித்திருக்கிறாரா, உறங்குகிறாரா என்பதில் என் சாய்வை மேலே சொல்லிவிட்டேன். எப்படியிருந்தாலும் அவர் கிறிஸ்துவின் கையில் இருக்கிறார் என்பதில் உங்கள் ஆயருக்கும் மாமாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதை நினைவூட்ட ஓர் இடம் இருக்கிறது. மயிலாப்பூர் கடற்கரையோரம் சாந்தோம் பேராலயத்தின் அடியில், அப்போஸ்தலனாகிய தோமாவை அடக்கம் செய்த இடம் என்று நூற்றாண்டுகளாக நம்பப்பட்டுவரும் கல்லறை இருக்கிறது. அவருடைய எச்சங்களில் பெரும்பகுதி மிகப் பழங்காலத்திலேயே, இன்றைய துருக்கியிலுள்ள எடேசாவுக்குக் கொண்டுபோகப்பட்டதாக மரபு சொல்கிறது. தோமாவை நாம் சந்தேகப்பட்டவர் என்றே பேசிப் பழகிவிட்டோம். அவர் கேட்டது என்ன என்று பாருங்கள். ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றவர்கள் சொன்னபோது, ஓர் ஆவியைக் கண்டதாகச் சொன்னால் அவர் ஒருவேளை நம்பியிருப்பார். அந்தக் காலத்தில் அதை நம்பாதவர்கள் குறைவு. அவருக்கு வேண்டியிருந்தது ஆணிகளால் உண்டான காயம். இறந்த அதே உடல், அதே தழும்புகளோடு எழுந்திருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. இயேசு அவரைத் துரத்தவில்லை, கையை நீட்டச் சொன்னார். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை அந்தத் தழும்புகளைக் கண்டபின் பிறந்தது. உங்கள் மகனிடம் நான் பேச வாய்த்தால் அவனை அந்த நிலவறைக் கல்லறைக்குத்தான் அழைத்துப்போவேன். அவனுடைய கேள்வி அந்த அப்போஸ்தலனுடைய கேள்விக்கு மிக அருகில் இருக்கிறது.

கல்லறையில் அம்மாவிடம் பேசலாமா என்று கேட்டீர்கள். மரித்தவர்களை அழைத்துக் குறி கேட்பதை வேதம் கண்டிப்பாகத் தடுக்கிறது. இஸ்ரவேலின் அரசன் சவுல், எந்தோர் என்ற ஊரில் குறி சொல்லும் பெண்ணிடம் போய்ச் செய்தது அது. நீங்கள் செய்வது அதுவல்ல. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கல்லைத் தேய்த்துக் கழுவினார், விரிசலில் முளைத்திருந்த புல்லை விரலால் பிடுங்கினார், சாமந்தியை உதிர்த்துப் பரப்பினார், காற்றில் அணையாமலிருக்க மெழுகுவர்த்தியைச் சிலுவையின் மறைவில் நட்டார். இவ்வளவும் செய்துகொண்டே பேத்திக்கு வரன் அமைந்த செய்தியைக் கல்லிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தடுக்க எந்தப் போதகருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அம்மாவுக்கு அது கேட்கிறதா என்பதைப் பற்றி வேதம் நமக்கு ஒன்றும் வாக்களிக்கவில்லை. ஆனால் "பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்" என்று நீங்கள் பிரமாணத்தில் சொல்கிறீர்கள். அந்த ஐக்கியத்தை மரணம் வெட்டிவிடுவதில்லை என்பதே திருச்சபையின் நம்பிக்கை. பேசுங்கள். அதை ஒரு வரி ஜெபமாக முடித்தால் சொன்னது வீணாகாது.

பக்கத்து வீட்டு அக்காவின் பூசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கடிதத்தில் அதைக் குறித்து ஒரு தயக்கம் தெரிகிறது. மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமா தூய்மையாக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற போதனையைச் சீர்திருத்த சபைகள் ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. மரித்தோருக்காக ஜெபிப்பதற்குக் கத்தோலிக்கர்கள் ஆதாரமாகக் காட்டும் மக்கபேயர் இரண்டாம் புத்தகம் நம் வேதாகமத்தில் இடம்பெறுவதில்லை. ஆனால் 387-ல் ஓஸ்தியா துறைமுகத்தில் மரணப்படுக்கையில் கிடந்த மோனிக்கா, பின்னாளில் திருச்சபையின் பெரும் இறையியலாளரான தன் மகன் அகுஸ்தீனிடம், இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆண்டவருடைய பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு போதும் என்று கேட்டார். லூத்தரும் 1528-ல், மரித்த ஒருவருக்காகத் தனியாக ஓரிரு முறை, தேவனே இந்த ஆத்துமா உம் இரக்கம் எட்டும் நிலையில் இருந்தால் இரங்கும் என்று ஜெபிப்பதைப் பாவமென்று கருதவில்லை என எழுதினார். உங்கள் அம்மாவின் பெயரை ஒரு பெண் தன் கோயிலின் பலிபீடத்தில் சொல்லச் செய்திருக்கிறார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லுங்கள். அந்தப் பூசைக்கு உங்களை அழைத்தால் போய்வாருங்கள். மாமா வருத்தப்பட்டால், அங்கேயும் கடைசியில் உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்றுதான் சொன்னார்கள் என்று அவரிடம் கூறலாம்.

அன்புடன்.